வெள்ளிக்கிழமைச் சம்பளமும் ஞாயிற்றுக்கிழமை அறையும்: சாம் செல்வனின் ‘தி லோன்லி லண்டனர்ஸ்’ நாவலில் புலம்பெயர் தொழிலாளியின் காலம்

ஆய்வுச்சுருக்கம்

டிரினிடாடில் பிறந்த சாம் செல்வன் (1923-1994) 1956இல் வெளியிட்ட ‘தி லோன்லி லண்டனர்ஸ்’ நாவல், மேற்கிந்தியத் தீவுகளிலிருந்து லண்டனுக்குப் பிழைக்கச் சென்ற ஆண்களின் அன்றாடத்தைச் சொல்கிறது. நிறவெறியின் ஆவணம் என்றும் வட்டார ஆங்கிலத்தின் வெற்றி என்றும் இந்நாவல் பெரிதும் வாசிக்கப்பட்டுள்ளது. இக்கட்டுரை அதன் கால அமைப்பை ஆராய்கிறது. வாரக்கூலி, இரவுப் பணி, ஞாயிறு கூடல், பருவமாற்றம் ஆகியவற்றாலான சுழல்காலமே நாவலின் வடிவத்தைத் தீர்மானிக்கிறது எனவும், அச்சுழலுக்குள் எழும் சிறு மகிழ்ச்சிகளை ஏமாளித்தனம் எனத் தள்ளும் வாசிப்பு பிரதிக்குப் பொருந்தாது எனவும் இது வாதிடுகிறது.

திறவுச்சொற்கள்: சாம் செல்வன், கரீபிய இலக்கியம், புலம்பெயர் தொழிலாளர், வாரக்கூலி, கிரியோல், கதைசொல்லி.

முன்னுரை

தமிழில் புலம்பெயர் இலக்கியம் என்ற சொல்லாட்சி, 1983க்குப் பின் ஈழத்திலிருந்து சிதறியவர்களின் எழுத்தையே முதலில் நினைவூட்டுகிறது. போர், இழப்பு, ஊர் நினைவு, அடையாளம் என்னும் கருத்துகள் இத்துறை ஆய்வுகளில் மேலோங்கி நிற்பதற்கு இதுவே காரணம். அக்கருத்துகளின் நியாயத்தை மறுப்பதற்கில்லை. ஆயினும் வேலை தேடிச் சென்ற இளைஞன் ஒருவன் திங்கள் முதல் ஞாயிறு வரை என்ன செய்கிறான், எப்போது உறங்குகிறான், கையில் காசு எந்தக் கிழமையில் தீர்கிறது என்பன போன்ற வினாக்கள் ஆய்வுக்குரியனவாக எண்ணப்படுவது அரிது. மேடானில் வட்டிக்கடைப் பணியாளர்களிடையே வாழ்ந்து, அவ்வுலகை நாவலுக்குள் கொண்டுவந்த ப. சிங்காரத்தைப் பற்றிய கட்டுரைகளில்கூடப் போரும் சாகசமும் பெறும் இடத்தைக் கடையின் அன்றாடம் பெறுவதில்லை.

இவ்வினாக்களையே நாவலின் உயிராக்கிய படைப்பு ‘தி லோன்லி லண்டனர்ஸ்’. ‘தனித்த லண்டன்வாசிகள்’ எனத் தலைப்பைத் தமிழாக்கலாம். இதன் ஆசிரியர் சாமுவேல் செல்வன் டிரினிடாடின் தென்பகுதி நகரான சான் பெர்னாண்டோவில் பிறந்தவர். தந்தை மதராஸிலிருந்து அத்தீவுக்குச் சென்ற தமிழ்க் கிறித்தவர். தாய்வழியில் ஸ்காட்லாந்து இரத்தக்கலப்பு உண்டு. இரண்டாம் உலகப் போரில் கம்பியில்லாத் தந்தி இயக்குநராகவும், பின்னர் ‘டிரினிடாட் கார்டியன்’ இதழிலும் பணியாற்றிய செல்வன் 1950இல் லண்டன் சென்றார். பார்படோஸ் எழுத்தாளர் ஜார்ஜ் லாமிங் அதே கப்பலில் பயணம் செய்தார் என்பது இலக்கிய வரலாற்றின் இனிய தற்செயல்.

பெயரிலுள்ள தமிழொலியைப் பற்றிக்கொண்டு செல்வனைத் தமிழ் வம்சாவளி எழுத்தாளர் வரிசையில் நிறுத்தும் ஆவல் எழுவது இயல்பே. அதற்கு இந்நாவல் இடந்தருவதில்லை. டிரினிடாடின் கலப்புப் பண்பாட்டில் வளர்ந்தவராகவே செல்வன் தம்மைக் கருதினார். இந்நாவலின் மையத்தில் இருப்போர் ஆப்பிரிக்க வழிவந்த கரீபியர். இந்திய வழிவந்தோர் இதில் முதன்மை பெறவில்லை. தமிழ் ஆய்வுலகம் இந்நாவலைப் படிப்பதற்கான காரணத்தை ஆசிரியரின் குருதியில் தேட வேண்டியதில்லை. நாவலின் வடிவத்திலேயே அது உள்ளது.

வரலாற்றுப் பின்புலத்தைச் சுருக்கமாகக் கூறுவது போதும். 1948ஆம் ஆண்டின் பிரித்தானியக் குடியுரிமைச் சட்டம் குடியேற்ற நாட்டு மக்களுக்கும் பிரிட்டனில் நுழைந்து வாழும் உரிமையை உறுதிசெய்தது. அவ்வாண்டு ஜூன் 22ஆம் நாள் ‘எம்பயர் வின்ட்ரஷ்’ கப்பல் டில்பரித் துறைமுகம் வந்தடைந்தது. 1962இன் காமன்வெல்த் குடியேற்றச் சட்டம் அக்கதவைப் பெருமளவு சாத்தியது. நாவல் இவ்விரு சட்டங்களுக்கும் இடைப்பட்ட காலத்தைச் சேர்ந்தது. 1958இன் நாட்டிங் ஹில் கலவரம் நிகழும் முன்னரே எழுதப்பட்டுவிட்டது. உரிமை சட்டத்தில் இருந்தது. அறையும் வேலையும் கேட்டுக் கதவைத் தட்டியபோது அது உதவவில்லை.

கதைப்பின்னலும் வாரமும்

பனிமூட்டம் கவிந்த ஒரு குளிர்கால மாலையில் நாவல் தொடங்குகிறது. மோசஸ் அலோயெட்டா என்னும் டிரினிடாட் தொழிலாளி, 46ஆம் எண் பேருந்தில் ஏறி வாட்டர்லூ ரயில் நிலையத்துக்குச் செல்கிறான். முன்பின் அறியாத ஒருவனை வரவேற்க வேண்டும் என்று ஊர் நண்பன் ஒருவன் கடிதம் எழுதியிருக்கிறான். அவ்வளவே காரணம். வந்து இறங்குபவன் ஹென்றி ஆலிவர். வெப்பநாட்டு மெல்லிய உடையுடன், பெட்டி படுக்கை ஏதுமின்றி, ஒரு பல்துலக்கியோடு நிற்கிறான். குளிரவில்லையா என்றால் இல்லை என்கிறான். சுங்கத் தீர்வை கட்ட நேருமே என்று ரம்மோ சிகரெட்டோகூடக் கொண்டுவரவில்லை. மோசஸுக்கு எரிச்சலும் வியப்பும் ஒருங்கே தோன்றுகின்றன. அவன் அங்கேயே சூட்டும் ‘சர் காலஹாட்’ என்ற பட்டப்பெயர் நாவல் முடியும்வரை நிலைத்துவிடுகிறது.

இதன்பின் ‘என்ன நடக்கிறது’ என்று கேட்டால் சொல்வது கடினம். காலஹாட் வேலை தேடுகிறான். சட்டம் படிக்க வந்து பணத்தைத் தொலைத்த நைஜீரியன் கேப், பெண்களிடமும் விடுதிக்காரர்களிடமும் கைமாற்றுச் சாமர்த்தியத்தால் வாழ்கிறான். பிக் சிட்டி கால்பந்துப் பந்தயச் சீட்டில் பெருந்தொகை விழும் எனக் காத்திருக்கிறான். அச்சீட்டை நிரப்பித் தருபவன் மோசஸ். வெளிர்நிறத்தவனான பார்ட், தன்னை இலத்தீன் அமெரிக்கன் எனச் சொல்லிக்கொள்கிறான். அவன் காதலித்த ஆங்கிலப் பெண்ணின் தந்தையிடம் அந்தப் பொய் செல்லுபடியாகவில்லை, வீட்டைவிட்டு விரட்டப்படுகிறான். பின்பு காணாமற்போன அவளைத் தேடி நகரெங்கும் அலைகிறான். ஹாரிஸ் நடனவிழா நடத்துகிறான். இக்கதைகளுள் எதுவும் மற்றொன்றுக்குக் காரணமாவதில்லை. எதுவும் உச்சத்தை எட்டித் தீர்வதுமில்லை.

கதைப்பின்னல் இல்லாத, தளர்ந்த துணுக்குத் தொகுப்பு என்று இதனைக் குறையாகச் சுட்டுவோர் உண்டு. கலிப்சோப் பாடல் மரபோடும், டிரினிடாடின் தெருமுனை அரட்டை மரபோடும் இணைத்து இதற்கு விளக்கம் தந்தோரும் உண்டு. இரண்டாம் விளக்கம் உண்மையே. ஆனால் அது வடிவத்தின் மூலத்தைக் காட்டுகிறதே தவிர, அந்த வடிவம் லண்டனில் செய்யும் வேலையைக் காட்டுவதில்லை.

ஐரோப்பிய நாவல் மரபில் சிற்றூரிலிருந்து தலைநகருக்கு வரும் இளைஞன் ஓர் உறுதியான கதைமாந்தன். அவன் வருகிறான், ஏமாறுகிறான், கற்கிறான், முன்னேறுகிறான் அல்லது அழிகிறான். அவனது காலம் முன்னோக்கி ஓடும். செல்வனின் மாந்தர்க்கு அந்தக் காலம் வழங்கப்படவில்லை. வெள்ளிக்கிழமை கூலி கிடைக்கிறது. வாடகைக்கும் கடனுக்கும் போய்விடுகிறது. அடுத்த வாரம் அதே இடத்திலிருந்து தொடங்குகிறது. பத்தாண்டுக் காலம் லண்டனில் உழைத்த மோசஸும் நேற்று இறங்கிய காலஹாடும் இரவுப் பணிக்கே போகிறார்கள். இருவரும் நிலவறை வாடகைக்காரர்களே. பணிமூப்பு என்ற ஒன்று அவர்கள் வாழ்வில் எதையும் சேர்ப்பதில்லை. மோசஸுக்குக் கூடுதலாக உள்ளது எச்சரிக்கை மட்டுமே. இத்தகைய வாழ்வைத் தொடக்கம், வளர்ச்சி, முடிவு எனப் பின்னியிருந்தால் அது பொய்யாகியிருக்கும். நாவலில் ஏதும் சேராமல் இருப்பது, அவர்கள் வாழ்வில் ஏதும் சேராமல் இருப்பதன் வடிவம்.

ஊர் திரும்புதல்கூட இச்சுழலுக்குள் அடங்கிவிடுகிறது. ஒவ்வொரு குளிர்காலத்திலும் மோசஸ் டிரினிடாடுக்குப் போய்விடுவதாக உறுதி பூணுகிறான். குளிர் விலகி மரங்கள் துளிர்த்ததும் அவ்வுறுதி கரைகிறது. அவனைத் தடுப்பது பணமோ பகையோ மட்டுமல்ல, வெயிலும் தடுக்கிறது. லண்டனின் கோடை ஒரு மகிழ்ச்சி என்பதனால்தான் அது ஒரு பொறியாகவும் அமைகிறது.

அட்டையின் மூலையில்

வேலை வாய்ப்பு அலுவலகக் காட்சி நாவலின் கூர்மையான பகுதிகளுள் ஒன்று. தனக்கு வழி தெரியும் என்று வீறாப்புடன் புறப்பட்ட காலஹாட், பேஸ்வாட்டரின் கூட்டத்தைக் கண்டதும் நடுங்கிப்போகிறான். வானில் சூரியன் இருக்கிறது, வெப்பம் இல்லை. அது அவனை மேலும் அச்சுறுத்துகிறது. பின்தொடர்ந்து வந்த மோசஸ் அவனை அலுவலகத்துக்கு அழைத்துச் செல்கிறான்.

அங்கே பதிவட்டையின் மேற்பகுதியில் ஒரு சுருக்கக்குறி இடப்படுகிறது. ஜமைக்கா, நிறத்தவர் என்பது அதன் பொருள் என மோசஸ் விளக்குகிறான். காலஹாட் டிரினிடாடுக்காரன், அலுவலகத்துக்கு அது பொருட்டில்லை. நாவலின் தொடக்கத்தில் ரயில் நிலையத்தில் செய்தியாளன் ஒருவனும் மோசஸை அன்றுதான் வந்திறங்கிய ஜமைக்கன் எனவே எண்ணிக்கொள்கிறான். மோசஸும் அதை மறுக்காமல் விளையாட்டாகப் பேசுகிறான். ஒரு நிறுவனத்தில் பணியிடம் காலியானால், நிறத்தவரை ஏற்பார்களா என்று முதலில் கேட்டறிந்த பின்னரே ஆளை அனுப்புவது அங்குள்ள வழக்கம். இங்கே வசையோ கைகலப்போ இல்லை. மரியாதையான குரல், ஒழுங்கான அட்டை, மூலையில் ஒரு குறி. நிறவெறியைச் செல்வன் ஓர் அலுவலக நடைமுறையாகக் காட்டுவதில் உள்ள வலிமை, அவர் குரல் உயர்த்தாமையால் வருகிறது. மோசஸ் முன்பொருமுறை ரயில்வேக் களத்தில் பணியாற்றியபோது உடன் வேலை செய்தோர் அவனை நீக்கக் கோரி மிரட்டியதும், வேலை பறிபோனதும்கூட அரட்டைக்கதையின் தொனியிலேயே சொல்லப்பட்டுவிடுகின்றன.

காலஹாடின் ஒரு மாலை

நாவலின் ஏற்றமும் இறக்கமும் மிகச் செறிவாக அமைந்த பகுதி, காலஹாட் டெய்சி என்னும் ஆங்கிலப் பெண்ணைச் சந்திக்கச் செல்லும் மாலை. வேலை நாட்களில் அவன் எண்ணெய்க்கறை படிந்த பழைய உடைகளையே அணிவான். சுரங்க ரயிலில் அருகிலிருப்போர் சற்றே விலகி அமர்வர். அதே காலஹாட் ஓய்வு நாளில் உடுத்தும் அழகை நாவல் பொறுமையாக, ஆடை ஆடையாக, விவரிக்கிறது. காலணியின் பளபளப்பும் கால்சட்டையின் மடிப்பும் இங்கே அணிவிவரணை அன்று. கூலியின் ஒரு பகுதி கண்ணுக்குத் தெரியும் பொருளாகும் இடம் அது ஒன்றே.

போகும் வழியில் ஒரு குழந்தை கறுப்பு மனிதனைப் பார் என்று தாயிடம் சுட்டிக்காட்டுகிறது. காலஹாட் புன்னகையுடன் குனிந்து கன்னத்தைத் தட்டுகிறான், குழந்தை அழுகிறது, தாய் சங்கடத்துடன் விலகுகிறாள். பிரான்ஸ் ஃபனான் 1952இல் வெளியிட்ட ‘கறுப்புத் தோல், வெள்ளை முகமூடிகள்’ என்ற நூலில் இதனையொத்த காட்சி ஒன்று உண்டு. அங்கு அது தன்னுணர்வு சிதறும் பெருங்கணம். இங்கே காலஹாட் தொடர்ந்து நடக்கிறான்; சந்திப்புக்கு நேரமாகிறது. இவ்வேறுபாட்டை ஆழமின்மை எனக் கொள்வது தவறு. மாலைநேரம் ஒன்றே ஓய்வாக உள்ளவன் சிதறுவதற்குக்கூட நேரம் ஒதுக்க வேண்டியிருக்கிறது. அந்நேரம் பின்னர் வருகிறது. வெறுப்புச் சொற்கள் காதில் விழுந்த மற்றொரு தருணத்துக்குப் பின், படுக்கையில் கிடந்தபடி தன் கையை உற்றுநோக்கி, கறுப்பு என்னும் நிறத்தையே முன்னிலைப்படுத்திப் பேசுகிறான். எல்லாக் குற்றமும் நிறத்தினுடையது, தன்னுடையது அன்று எனக் குழந்தைத்தனமாக வாதாடுகிறான். நகைப்புக்கும் துயருக்கும் இடையில் வாசகரை நிறுத்திவிடும் இப்பேச்சு, நாவலின் மிகச் சிறந்த பக்கங்களுள் ஒன்று.

பிக்கடிலி சர்க்கஸில் டெய்சிக்காகக் காத்து நிற்கும் காலஹாடின் பெருமிதத்தைப் பல வாசிப்புகள் ஏமாளித்தனமாகவே காண்கின்றன. ஊரில் கேள்விப்பட்ட பெயர்களின் மயக்கத்தில், தன்னை ஒதுக்கும் நகரத்தையே காதலிக்கும் குடியேற்ற நாட்டு மனம் என்பது அவ்வாசிப்பு. மோசஸின் கசப்பே நாவலின் அறிவு, காலஹாட் அவ்வறிவை நோக்கி வளர வேண்டியவன் என்பது அதன் உள்ளுறை. பிரதி இதற்கு இசையவில்லை. கதைசொல்லி காலஹாடின் மாலையை எள்ளி நகையாடுவதில்லை. அவனோடு சேர்ந்து நடக்கிறான். கோடைக்கு வந்ததும் அக்குரல் நிறுத்தற்குறிகளை முற்றிலும் உதறி ஏறத்தாழப் பத்துப் பக்கங்களுக்கு ஒரே வாக்கியமாக ஓடுகிறது. அப்பெருக்கில் மோசஸும் அடித்துச் செல்லப்படுகிறான். கசப்பே முடிந்த முடிபாயின் இப்பத்துப் பக்கங்களுக்கு நாவலில் இடமிருந்திருக்காது. காலஹாடின் மகிழ்ச்சி நிலைக்காது என்பது உண்மை. நிலைக்காமையால் அது மெய்யற்றதாகிவிடாது; வாரத்தின் அளவே அதற்குரிய அளவு.

புறாவும் அரிசியும்

வேலையில்லாத் திண்டாட்டம் சூழ்ந்த ஒரு குளிர்காலத்தில் காலஹாட் பசியுடன் கென்சிங்டன் பூங்காவில் அமர்ந்திருக்கிறான். கொழுத்த புறாக்கள் சுற்றித் திரிகின்றன. ரொட்டித்துணுக்கு இட்டு ஒன்றைப் பிடித்துக் கழுத்தைத் திருகுகிறான். நாயோடு உலவவந்த பெண்மணி ஒருவர் பார்த்துவிட்டுக் கூச்சலிடுகிறார். கோட்டுப் பையில் புறாவைத் திணித்துக்கொண்டு மோசஸின் அறைக்கு ஓடிவருகிறான். மோசஸ் முதலில் கடிந்துகொள்கிறான். இந்த நாட்டில் பிராணிகள்மேல் எத்தனை பரிவு என்பதை நினைவூட்டுகிறான். சற்றுப் பொறுத்து, சோறு வேக, புறாக்கறியும் வேக, இருவரும் உண்கின்றனர். நகரத்தின் பரிவு யார்மேல் இருக்கிறது, யார்மேல் இல்லை என்பதைச் செல்வன் விளக்கவில்லை. நாயும் பெண்மணியும் போதும்.

இப்பகுதியில் கவனிக்கத்தக்கது உணவுக்குப் பின் நிகழ்வது. வயிறு நிறைந்ததும் பேச்சு ஊரை நோக்கித் திரும்புகிறது. இன்னான் என்ன ஆனான், அந்தக் கிறுக்கனை நினைவிருக்கிறதா என்று இரவு நீள்கிறது. ஊர் நினைவு புலம்பெயர்ந்தவரின் இடையறாத உணர்வு என்பதே நம் ஆய்வுகளின் வழக்கமான முற்கோள். இந்நாவலில் அது உணவைச் சார்ந்த உணர்வாக உள்ளது. பசித்தவன் புறாவையே பார்க்கிறான். உண்டவன் சான் பெர்னாண்டோவை நினைக்கிறான். மாடியறையில் வாழும் கேப், சன்னல் விளிம்பில் வந்தமரும் கடற்பறவைகளைப் பிடித்துத் தின்னும் பிற்பகுதியில் ஊரே நினைக்கப்படுவதில்லை. அது புறாக்கதையின் வெறும் மறுநிகழ்வாகவே நின்றுவிடுகிறது. நாவலின் தளர்வு உண்மையில் தெரிவது இங்குத்தான்.

கடன் கேட்கும் டான்டி

ஆண்களின் அரட்டை உலகத்துக்கு வெளியே இருந்து வருபவர் டான்டி பெஸ்ஸி. டோல்ராயின் அத்தையான இவர், அழைக்காமலேயே குடும்பத்தோடு கப்பலேறி வந்தவர். ஹாரோ சாலைப் பகுதியின் தொழிலாளர் குடியிருப்பில் உள்ள மளிகைக் கடையில் டான்டி நடத்தும் சிறு புரட்சி, தமிழ் வாசகருக்குக் கூடுதல் சுவை தரக்கூடியது. அக்கடையில் இரு வணிகர்களின் படம் தொங்குகிறது: கடன் கொடுத்தவன் கந்தலோடு வாடியிருக்கிறான், ரொக்கத்துக்கு விற்றவன் செழித்திருக்கிறான். ‘கடன் அன்பை முறிக்கும்’ என்ற பலகையின் லண்டன் உறவு இப்படம். டான்டி பொருள்களைப் பையில் இட்டுக்கொண்டு, படத்தைக் கழற்றச் சொல்லிவிட்டு, வெள்ளிக்கிழமை தருவதாக அறிவித்து வெளியேறுகிறார். கடைக்காரன் திகைக்கிறான், ஆனால் வெள்ளிக்கிழமை பணம் வந்துவிடுகிறது. பிறகு அத்தெருவில் கணக்குப் புத்தகம் வழக்கமாகிறது.

வாரக்கூலியின் சுழற்சியை ஆண்கள் அனுபவிக்கிறார்கள். டான்டி அதனைப் புரிந்துகொண்டு ஒரு நிறுவனமாக மாற்றுகிறார். அடுத்த வெள்ளி வரும் என்ற உறுதியை அடமானமாக வைக்க முடியும் என்பது டிரினிடாடின் சிற்றூர்க் கடையில் அவர் கற்ற பொருளியல். காலஹாட் லண்டனின் பெயர்களைக் காதலிக்கிறான். டான்டி பெயர்களைப் பொருட்படுத்தாமல் தெருவையே மாற்றிவிடுகிறார். நாவலில் லண்டனை மாற்றும் ஒரே மாந்தர் அவர்தான்.

டோல்ராயின் தாய் பற்றி நாவல் சில வரிகளோடு நின்றுவிடுகிறது. லயன்ஸ் கார்னர் ஹவுஸ் உணவகத்தின் பின்கட்டில் பாத்திரம் கழுவும் அவருக்கு, அழுக்குப் பாத்திரம் வரும் சிறுதிறப்பின் வழியே மட்டும் உண்பவர்களைப் பார்க்க முடிகிறது. இலக்கியத் திறனாய்வு டான்டியின் நகைச்சுவையை எடுத்துப் பேசிய அளவுக்கு இச்சிறுதிறப்பைப் பேசியதில்லை.

கதைசொல்லியின் மொழி

இந்நாவலை முதலில் பொது ஆங்கிலத்தில் எழுத முயன்றதாகவும், அது நகராமல் நின்றபோது வட்டார வழக்கைக் கையாண்டதாகவும் செல்வன் நேர்காணல்களில் கூறியுள்ளார். உரையாடலில் வழக்கு, விவரிப்பில் பொது மொழி என்னும் பகுப்பை அவர் கைவிட்டார். கதைசொல்லியும் பாத்திரங்களும் ஒரே மொழியில் பேசுகின்றனர். தமிழில் கி. ராஜநாராயணனின் கதைசொல்லி கரிசல் வழக்கிலேயே கதையை விரிக்கும்போது நேரும் மாற்றம் இத்தகையதே: வழக்குமொழி காட்சிப்பொருளாக இல்லாமல், உலகைக் காணும் கண்ணாகிவிடுகிறது. ஒரு வேறுபாடும் உண்டு. கி.ரா.வின் மொழி அம்மண்ணுக்கே உரியது. செல்வனின் மொழி தன் மண்ணை விட்டு, அம்மொழியைக் கொச்சை என்று கருதும் நகரத்தில் நின்று அந்நகரத்தையே விவரிக்கிறது. காலஹாடின் பேச்சு புரியவில்லை என்று டெய்சி சொல்லும்போது, தாங்கள் பேசுவதும் ஆங்கிலந்தானே என்று அவன் வியக்கிறான். அவ்வியப்பில் பணிவு சிறிதும் இல்லை.

இம்மொழியின் வினையமைப்புக்கும் நாவலின் காலத்துக்கும் உள்ள உறவு மேலும் கருதத்தக்கது. கரீபிய ஆங்கிலக் கிரியோலில் வினை பெரும்பாலும் இறந்தகால விகுதி ஏற்காமலே இறந்தகாலத்தை உணர்த்தும். செல்வன் அவ்வழக்கைப் பொது ஆங்கில வாசகரும் பின்பற்றக்கூடிய அளவுக்குத் திருத்திக் கையாள்கிறார். இதனால் ஒருமுறை நிகழ்ந்ததும் வழக்கமாக நிகழ்வதும் ஒரே தோற்றம் பெறுகின்றன. மோசஸ் வேலைக்குப் போனது ஒரு நாளா, எல்லா நாளுமா என்ற எல்லை மங்குகிறது. வாரச்சுழற்சியைச் சொல்வதற்கு இதனினும் பொருத்தமான இலக்கணம் கிடைப்பது அரிது. தமிழில் இதனைப் பெயர்க்க முற்படுவோர்க்கு ஒரு வாய்ப்பு உண்டு. ‘அந்நாளில் இரவு வேலைக்குப் போவான், விடிந்ததும் வந்து படுப்பான்’ என எதிர்கால வாய்பாடே வழக்கச் செயலை உணர்த்துவது தமிழியல்பு. இறந்தகால வினைமுற்றுகளால் இந்நாவலைப் பெயர்த்தால் நிகழ்ச்சிகள் ஒவ்வொன்றும் தனித்து முடிந்துவிடும், சுழற்சி நின்றுவிடும்.

நகரத்தின் இடப்பெயர்களை இளைஞர்கள் சுருக்கி வழங்குவதும் இம்மொழியின் பகுதி. பேஸ்வாட்டர் ‘வாட்டர்’ ஆகிறது, நாட்டிங் ஹில் கேட் ‘கேட்’ ஆகிறது. பிக் சிட்டி நாட்டிங் ஹில்லை ‘நாட்டிங்காம் கேட்’ எனத் தவறாகச் சொல்லும்போது நண்பர்கள் திருத்துகின்றனர், அவன் பொருட்படுத்துவதில்லை.

ஆக்னஸின் இடம்

இவ்வளவு நுட்பமான நாவல் தடுமாறும் இடம் ஒன்று உண்டு. தடுமாற்றம் என்பது மென்மையான சொல். இரவுப் பணியில் மோசஸுடன் வேலை செய்யும் லூயிஸ், ஆண்கள் இரவில் வேலைக்குச் சென்றால் மனைவியர் வேறு ஆண்களோடு பழகுவது மெய்யா என்று கேட்கிறான். மோசஸ் விளையாட்டாக ஆம் என்கிறான். லூயிஸ் வீடு சென்று மனைவி ஆக்னஸை அடிக்கிறான். இது தொடர்கிறது. அவள் ஒருநாள் வெளியேறிவிடுகிறாள். அவன்மேல் வழக்குத் தொடுக்கிறாள். லூயிஸின் மடமையே இதில் நகைப்புக்குப் பொருளாகிறது. அடிபட்டவள் நாவலைவிட்டே மறைகிறாள்.

அக்காலச் சூழல் அத்தகையது என்ற அமைதி இங்குப் போதாது. இரவுப் பணி குடும்பத்துக்குள் என்ன செய்கிறது என்ற வினாவைச் செல்வனே எழுப்புகிறார். வாரக்கூலி வாழ்வின் இறக்கம் யார் உடலில் சென்று முடிகிறது என்பதைச் சொல்லும் வாய்ப்பு அவர் கையிலேயே இருந்தது. கதைசொல்லி ஆண்களின் அரட்டை மொழியைத் தன் மொழியாக்கிக்கொண்டதற்கு அவர் செலுத்திய விலை இது. அம்மொழி காலஹாடின் தனிமையைக் காணும். ஆக்னஸின் இரவைக் காணாது. கோடையின் அந்தப் பெருவாக்கியத்திலும் பெண்கள் பெயரற்றோராகவே வந்துபோகின்றனர். டான்டி இதற்கு விலக்கு என்று வாதிடலாம். அவர் வயது முதிர்ந்தவர், நகைக்கத்தக்கவராக அறிமுகமானவர். ஆகவே அரட்டை மொழி அவரை அஞ்சாமல் நெருங்குகிறது. அடிபட்ட ஆக்னஸுக்குத் துணை நின்றவரும் டான்டியே என்பது, நாவல் தன் கதைசொல்லியைவிடச் சற்றுக் கூடுதலாக அறிந்திருந்தது என்பதற்குச் சான்று.

ஞாயிறும் தேம்ஸும்

ஞாயிறு காலையில் எல்லோரும் மோசஸின் அறைக்கு வருகிறார்கள். வேலை கிடைத்ததா, அவள் என்ன ஆனாள், யாரிடமாவது சிகரெட் உண்டா என்று அதே கேள்விகள். ஏற்கெனவே சொன்ன அதே கதைகள். அறைக்குச் சொந்தக்காரனுக்கு இவர்கள்மேல் சலிப்பு உண்டு. எவரையும் அவன் வெளியேற்றுவதில்லை. வந்தவர்க்கெல்லாம் இடம் தேடித்தந்து, ஒரே தெருவில் குவியாமல் நகரெங்கும் பிரித்து அமர்த்தியவனும் அவனே. ஊதியமற்ற இப்பணியை நாவல் எங்கும் புகழ்வதில்லை.

இறுதிப் பக்கங்களில் ஒரு கோடை இரவு, மோசஸ் தேம்ஸ் கரையில் நிற்கிறான். ஆரவாரத்தின் அடியில் இலக்கற்ற ஓர் அலைவை உணர்கிறான். சிரிப்பவர்கள் அழுதுவிடக்கூடாதே என்றுதான் சிரிக்கிறார்களோ என எண்ணுகிறான். பிரான்சில் கூலித்தொழிலாளர்கள்கூட நூல் எழுதிப் புகழ்பெறுவதாகக் கேள்விப்பட்டதை நினைத்து, தன்னாலும் அப்படியொன்று எழுத முடியுமா என வியக்கிறான். மோசஸ் எழுதப்போகும் நூலே நாம் படித்து முடித்த நாவல் என இதனை விளக்குவது திறனாய்வில் வழக்கம். அவ்விளக்கம் அழகானது; ஆயினும் அது நாவலுக்கு இல்லாத ஒரு வளர்ச்சிக் கதையை, தொழிலாளி எழுத்தாளனாகும் கதையை, பின்வாசல் வழியாக நுழைத்துவிடுகிறது. பிரதியில் மோசஸ் எழுதத் தொடங்கவில்லை. அவன் முன்னுள்ளது ஒரு கோடை இரவு. அடுத்து இரவுப் பணி.

செல்வன் 19 ஆண்டுகள் கழித்து ‘மோசஸ் அசெண்டிங்’ (1975) நாவலில் அவனை எழுத அமர்த்தினார். இடிக்கப்படவிருக்கும் ஒரு பழைய வீட்டை டோல்ராயிடமிருந்து வாங்கி, ஷெப்பர்ட்ஸ் புஷ் பகுதியில் வீட்டுக்காரனாகும் மோசஸ், மாடியறையில் அமர்ந்து நினைவுக்குறிப்புகள் எழுதுகிறான். கைப்பணிக்கு வெள்ளைக்காரன் ஒருவனையும் வைத்துக்கொள்கிறான். கறுப்பின எழுச்சி இயக்கத்தில் சேர்ந்துவிட்ட காலஹாட் அவனது எழுத்தைக் கேலி செய்கிறான். வாடகை கொடுத்தவன் வாடகை வாங்குபவனாகிவிட்டதால் முன்னேற்றம் நிகழ்ந்துவிட்டதாகவே தோன்றும். அந்நாவல் முடியும்போது மோசஸ் தன் சொந்த வீட்டின் நிலவறையில் இருக்கிறான்.